எலா ஃபிட்ஜெரால்டின் மெதுவான பாட்டுகளை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் சோகப் பாட்டுகள் கேட்டவுடன் மனதில் ஒட்டிக்கொண்டன. அதே ஆசையோடு, அதே காலத்து இன்னொரு ஜாஸ் பாடகியான எலா ஃபிட்ஜெரால்டிடம் போனீர்கள். குரல் அழகு, சுருதி அப்பழுக்கில்லை, ஆனால் பிரிவைப் பாடும்போதும் புன்னகையோடு பாடுகிற மாதிரி இருக்கிறது, மனம் உருகவில்லை. தப்பான இசைத்தட்டைக் கேட்கிறேனா, அல்லது தப்பாகக் கேட்கிறேனா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டிலும் கொஞ்சம் இருக்கிறது. முதலில் தட்டைப் பார்ப்போம்.

எலாவைத் தேடினால் முதலில் வந்து விழுவது வேகப் பாட்டுகள். 1938இல் சிக் வெப் இசைக்குழுவோடு, குழந்தைகளின் விளையாட்டுப் பாட்டு ஒன்றைத் தழுவிப் பாடியதுதான் 21 வயதில் அவரை அமெரிக்கா முழுக்கக் கொண்டுபோனது. 1960 பிப்ரவரியில் பெர்லின் மேடையில் 'மேக் த நைஃப்' பாடும்போது பாதியில் வரிகள் மறந்துபோக, நிறுத்தாமல் அங்கேயே வார்த்தை கட்டிப் பாடி முடித்தாரே, அந்தப் பதிவு இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இவற்றுக்கு அடுத்தபடியாக வருபவை, தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ் 1956 முதல் 1964 வரை வெர்வ் நிறுவனத்துக்காக எடுத்த 'சாங் புக்' வரிசை. ஒவ்வொரு இசையமைப்பாளருக்கும் ஒரு தொகுப்பு, பெரும்பாலும் பெரிய ஆர்கெஸ்ட்ராவோடு. அருமையான வேலைதான். ஆனால் மெதுவான பாட்டில் எலா என்ன செய்கிறார் என்று கற்றுக்கொள்ள அது நல்ல இடமில்லை. வயலின்கள் கேட்பவரின் உணர்ச்சியைத் தாங்களே எடுத்து நடத்திவிடுகின்றன. குரல் அவற்றுக்கு மேலே பளபளவென்று மிதக்கிறது. உங்களுக்குக் கேட்ட 'புன்னகை' அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆகவே 1950க்குப் போங்கள். அந்த ஆண்டு செப்டம்பரில், நியூயார்க்கில், டெக்கா நிறுவனத்துக்காக எலா எட்டுப் பாட்டுகள் பாடினார். எட்டும் ஜார்ஜ் கெர்ஷ்வின் இசையமைத்தவை. கூட ஒரே ஒரு பியானோ. வாசித்தவர் எல்லிஸ் லார்கின்ஸ். டிரம்ஸ் இல்லை, பாஸ் இல்லை. 'எலா சிங்ஸ் கெர்ஷ்வின்' என்ற பெயரில் 10 அங்குல இசைத்தட்டாக வந்தது. 1954இல் அதே இருவரும் இன்னும் 12 பாட்டுகள் பதிவு செய்தார்கள்; அதன் பெயர் 'சாங்ஸ் இன் எ மெல்லோ மூட்'. இரண்டையும் சேர்த்து 1994இல் 'ப்யூர் எலா' என்று ஒரே குறுந்தட்டாக வெளியிட்டார்கள். அந்த 20 பாட்டுகளை வைத்துக்கொண்டால் போதும், எலாவின் கலையில் பாதி கையில் வந்துவிடும்.

லார்கின்ஸின் பெயரை அதிகம் பேர் சொல்வதில்லை. எனக்கு அது எப்போதும் ஒரு குறை. பால்டிமோர்க்காரர், பீபாடி, ஜூலியார்ட் இசைக் கல்லூரிகளில் முறையாகப் பயின்றவர். பாடகருக்குப் பக்கவாத்தியம் வாசிப்பது எப்படி என்பதற்கு அவரை விடப் பெரிய ஆசான் ஜாஸில் இல்லை என்பது என் எண்ணம். பாட்டின் மெட்டை அவர் கூடவே வாசித்துக்கொண்டு வருவதில்லை. எலா மூச்செடுக்கும் இடத்தில் ஒரு சின்னப் பதில் சொல்வார், குரல் வந்ததும் ஒதுங்கிக்கொள்வார். கையை லேசாக வைத்துத்தான் வாசிக்கிறார். ஆனாலும் நடை எங்கேயும் தளர்வதில்லை.

இதில் 'சம்ஒன் டு வாட்ச் ஓவர் மீ' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1926இல் 'ஓ, கே!' என்ற பிராட்வே நாடகத்துக்காக எழுதியது. மேடையில் கெர்ட்ரூட் லாரன்ஸ் ஒரு துணிப் பொம்மையைப் பார்த்துத் தனியாகப் பாடினார். கெர்ஷ்வின் இதை முதலில் துள்ளலான வேகத்தில்தான் போட்டிருந்தார். ஒருநாள் எதேச்சையாக மெதுவாக வாசித்துப் பார்த்தபோதுதான், இதற்குள் இருப்பது ஆட்டப் பாட்டு இல்லை என்று அவருக்கும் பாட்டெழுதிய அண்ணன் ஐராவுக்கும் தெரிந்தது.

அந்தக் காலத்து பிராட்வே பாட்டுகளில் பல்லவிக்கு முன்னால் நம் தொகையறா மாதிரி ஒரு பகுதி இருக்கும். தாளத்துக்குக் கட்டுப்படாமல், பாதி பேச்சாகவே போகும். பெரும்பாலான ஜாஸ் பாடகர்கள் அதை வெட்டிவிட்டு நேரே பல்லவிக்குப் போய்விடுவார்கள். எலா இங்கே அதைப் பாடுகிறார். காதலுக்குக் கண் இல்லை என்பார்கள், ஆனாலும் தேடு கிடைக்கும் என்பார்கள், அதனால் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு பெண் கதை சொல்லத் தொடங்குகிறாள். சொல்பவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு வார்த்தையின் கடைசி மெய்யெழுத்தும் காதில் விழுகிறது. பிறகு பல்லவி. மெட்டு மளமளவென்று மேலே ஏறி, அங்கே நிற்க முடியாததுபோல் படிப்படியாக இறங்கி வரும். பலர் அந்த ஏற்றத்தில் குரலை விரித்துவிடுவார்கள், இடம் அப்படி அழைக்கிறது. எலா ஏறும்போது குரலைச் சிறிதாக்குகிறார். உச்சியில் இருக்கும் ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு, இறக்கத்தில்தான் நேரம் எடுத்துக்கொள்கிறார். அந்த இறக்கத்தில் அவர் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் தள்ளி விழுவதைக் கவனியுங்கள். மிகக் கொஞ்சம்தான், பியானோவின் அடியை எண்ணிக்கொண்டு கேட்டால்தான் தெரியும்.

இன்னொன்று, நீண்ட ஸ்வரங்களின் முடிவு. எலா ஒரு ஸ்வரத்தைப் பிடிக்கும்போது முதலில் அசைவில்லாமல் நேராக நிறுத்துவார். கடைசியில்தான் அதிர்வு வரும், வந்ததும் ஸ்வரம் முடிந்துவிடும். எங்கே அந்த அதிர்வை வரவிடுகிறார், எங்கே அது வராமலே வெட்டிவிடுகிறார் என்று பாருங்கள். அவருடைய வருத்தம் அங்கேதான் இருக்கிறது. தேம்பலாகவோ, குரல் உடைவதாகவோ அது வெளியே வராது. ஒரு வரியின் கடைசிச் சொல்லை நீங்கள் எதிர்பார்த்ததற்கு முன்னாலேயே அவர் விட்டுவிடுவார், அவ்வளவுதான்.

பில்லியிடமிருந்து வருபவர்களுக்கு இது ஏன் பிடிபடுவதில்லை என்பதும் புரிகிறது. பில்லியின் குரல் எட்டுவது ஒரு ஸ்தாயிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அவர் மெட்டையே தன் எல்லைக்குள் இழுத்து, சில ஸ்வரங்களாகச் சுருக்கி, தாளத்தை நன்றாகத் தள்ளி எடுத்து, பாட்டைத் தன்னுடையதாக எழுதிவிடுவார். யார் இசையமைத்தது என்பதே மறந்துபோகும். எலாவுக்கு மூன்று ஸ்தாயி. மெட்டை மாற்ற வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. வேகப் பாட்டில் அதைத் தலைகீழாகப் புரட்டிப் போடுகிற அதே ஆள், மெதுவான பாட்டில் இசையமைப்பாளர் எழுதியதைக் கிட்டத்தட்ட அப்படியே பாடுகிறார். அது முடியாமையால் வந்ததில்லை, அவர் எடுத்த முடிவு. பில்லியைக் கேட்ட காதோடு அங்கே போனால், மெட்டில் கைவைக்கவில்லையே, அப்படியானால் உணர்வே இல்லை என்று தோன்றிவிடுகிறது.

வாழ்க்கைக் கதையும் இதில் குறுக்கே வருகிறது. பில்லியின் துயரங்கள் எல்லோருக்கும் தெரியும், அவற்றைக் குரலுக்குள் கேட்டுவிடுகிறோம். எலா 15 வயதிலேயே தாயை இழந்தவர். அதன் பிறகு நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஊரில் இருந்த பெண்கள் சீர்திருத்தப் பள்ளியில் அடைக்கப்பட்டு, அங்கிருந்து ஓடிவந்து, 1934இல் அப்பல்லோ அரங்கின் போட்டி மேடை ஏறும் வரை தெருவில் அலைந்தவர். அதைப் பற்றி அவர் வெளியில் பேசியதே இல்லை. அவர் மறைந்த 1996இல்தான் அந்தப் பள்ளியைப் பற்றிய விவரங்கள் செய்தித்தாளில் வந்தன. இதை நான் சொல்வது, அவருக்கும் சோகம் இருந்தது, அதனால் அவர் பாட்டும் ஆழமானது என்று நிரூபிக்க இல்லை. வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு அதைக் குரலில் தேடுவது பில்லிக்கே நியாயம் செய்யாது. அவருடைய கணக்குத் தப்பாத தாளக் கட்டுப்பாடு அதில் அடிபட்டுப் போகிறது.

சரி, அந்தப் புன்னகை. அது நிஜமாகவே சில பாட்டுகளில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். மெதுவான பாட்டு என்றாலே சோகப் பாட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே 1950 தட்டில் உள்ள 'ஹவ் லாங் ஹாஸ் திஸ் பீன் கோயிங் ஆன்' முதல் முத்தத்தின் திகைப்பு. இத்தனை நாள் இது தெரியாமல் இருந்துவிட்டேனே என்று ஒருத்தி அதிசயிக்கிறாள். எலாவின் குரலில் இயல்பாக இருக்கும் வெளிச்சம் அங்கே அப்படியே பொருந்துகிறது. இந்தப் பாட்டை அழுத குரலில் பாடியவர்கள் உண்டு, எனக்கு அது ஒட்டவே இல்லை.

'பட் நாட் ஃபார் மீ' பாட்டை இரண்டு வடிவத்தில் கேட்கலாம். ஒன்று 1950, லார்கின்ஸோடு. இன்னொன்று 1959இல் ஐந்து தட்டுகளாக வந்த கெர்ஷ்வின் சாங் புக்கில், நெல்சன் ரிடிலின் இசைக்கோர்ப்பில். பிந்தையது அவருக்கு கிராமி வாங்கிக் கொடுத்தது. ரிடில் பாடகருக்கு இடம் விடத் தெரிந்தவர், வயலின்கள் இருந்தும் மூச்சு முட்டாது. அதில் எலாவின் குரல் முதிர்ந்து, அடிக்குரல் நிறைந்து வந்திருக்கிறது. ஆனால் ஊருக்கெல்லாம் காதல் பாட்டு, எனக்கு மட்டும் இல்லை என்ற அந்த வரியை இளைய குரல் சொல்லும்போது இருக்கும் அப்பாவித்தனம் 1950இல்தான் இருக்கிறது. நான் அடிக்கடி திரும்பிப் போவது அதற்கு.

சாங் புக் வரிசையை முழுக்க ஒதுக்கச் சொல்லவில்லை. 1956இல் வந்த கோல் போர்ட்டர் தொகுப்பில் இசைக்கோர்ப்பு செய்தவர் பட்டி பிரெக்மன், அப்போது அவருக்கு 25 வயது. வேகப் பாட்டுகளில் ஆள் கெட்டிக்காரர், மெதுவான பாட்டுகளில் கொஞ்சம் சர்க்கரை கூடிவிடும். ஆனால் 'எவ்ரி டைம் வி சே குட்பை' என்ற ஒன்று அதில் இருக்கிறது, அதை விடவே கூடாது. பாட்டு ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டித் தொடங்குகிறது, விடைபெற வந்தவர் சொல்ல வார்த்தை இல்லாமல் நிற்பதுபோல. பின்பகுதியில் ஒரு வரி வரும். நீ அருகில் இருந்தால் இதைவிட இனிய பாட்டில்லை, ஆனால் மேஜர் மைனராக மாறுவது என்ன விசித்திரம் என்கிற கருத்து. அந்தச் சொற்கள் வரும் இடத்திலேயே அடியில் இருக்கும் கார்டும், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டும், மேஜரிலிருந்து மைனருக்கு மாறுகிறது. நம் கணக்கில் சொன்னால், அந்தக் கார்டின் அடிஸ்வரத்தை ஷட்ஜமாக வைத்துப் பார்க்கும்போது அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாக அரைப்படி இறங்குகிறது. வெளிச்சம் சட்டென்று குறையும்.

பாடுகிறவர்களுக்கு இது பெரிய ஆசை காட்டும் இடம். குரலை இருட்டாக்கி, இழுத்து, இதோ பாருங்கள் மைனர் என்று காட்டத் தோன்றும். எலா எதையும் சேர்ப்பதில்லை. போர்ட்டர் செய்துவைத்த மாற்றம் கேட்பவர் காதுக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று நம்பி, சுருதி ஒரு இம்மியும் பிசகாமல் அந்த வரியைக் கடந்து போகிறார். சுருதி கொஞ்சம் ஆடினாலும் அந்த அரைப்படி இறக்கம் காணாமல் போயிருக்கும். எலாவின் சுருதி சுத்தம் என்று எல்லோரும் புகழ்வது இந்த மாதிரி இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். தங்கள் பாட்டுகள் எவ்வளவு நல்லவை என்பதே எலா பாடிக் கேட்டபிறகுதான் தெரிந்தது என்று ஐரா கெர்ஷ்வின் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அவர் எதைக் கேட்டிருப்பார் என்று எனக்குப் புரிகிறது.

இனி என் மனதுக்கு மிக நெருக்கமான தட்டு. 1960 ஏப்ரலில் பதிவானது, கூட பால் ஸ்மித்தின் பியானோ மட்டும். பெர்லினில் வரிகள் மறந்த அந்த இரவில் பியானோ வாசித்ததும் இவரேதான், இடையில் இரண்டே மாதம். 'லெட் நோ மேன் ரைட் மை எபிடாஃப்' என்ற படத்தில் எலா ஒரு சிறு பாத்திரத்தில் நடித்தார், போதைக்கு அடிமையான ஒரு பாடகி. அந்தப் படத்தின் பெயரைச் சுமந்து வந்த ஆல்பம் இது, பின்னால் 'த இன்டிமேட் எலா' என்று மறுபதிப்பு ஆனது. 13 பாட்டுகளும் மெதுவானவை. இரவு வெகுநேரம் ஆன பிறகு பாடுகிற பாட்டுகள்.

'ஒன் ஃபார் மை பேபி'யை முதலில் போடுங்கள். ஹரால்ட் ஆர்லன் இசை, ஜானி மெர்சர் வரிகள். மணி இரண்டே முக்கால், கடையில் யாரும் இல்லை, ஒரு ஆள் மதுக்கடைக்காரனிடம் தன் முறிந்த காதலைச் சொல்ல வருகிறான், ஆனால் கடைசிவரை சொல்லவே மாட்டான். 1958இல் ஃபிராங்க் சினாட்ரா பாடியது இதன் உச்சம் என்று பலரும் கருதுகிறார்கள். சினாட்ரா அந்த ஆளாகவே மாறி நடிக்கிறார், நாக்குக் குழறலும் தடுமாற்றமும் உட்பட. எலாவிடம் குழறல் இல்லை. அவர் பாடும் பெண் நிதானத்தில் இருக்கிறாள். தன்னைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கிறாள். கடைக்காரரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் இடங்களில் மட்டும் குரல் கொஞ்சம் நெருங்கி வந்து, அடுத்த சொல்லில் விலகிவிடுகிறது. சொல்ல வந்ததைச் சொல்லாமல் போகிற ஆளுக்கு இந்த மரியாதையான தூரம் எவ்வளவு பொருத்தம்! எனக்கு இரண்டும் வேண்டும். ஆனால் சினாட்ராவைக் கேட்டால் அவருக்காக வருத்தப்படுகிறேன். எலாவைக் கேட்டால் அந்தப் பெண் வீடு போய்ச் சேர்ந்தாளா என்று கவலையாக இருக்கிறது.

அடுத்து 'ஏஞ்சல் ஐஸ்', 'பிளாக் காஃபி', 'செப்டம்பர் சாங்'. எலாவின் கீழ் ஸ்தாயியைத் தெரிந்துகொள்ள இந்த மூன்றும் போதும். மேலே பறக்கிற குரல் என்றே அவரை நினைத்திருப்பவர்களுக்கு, கீழே இறங்கியதும் அதில் சேரும் மூச்சும் கனமும் ஆச்சரியமாக இருக்கும். ஹெட்போனில், வெளிச்சத்தம் இல்லாத நேரத்தில் கேளுங்கள். பேருந்தில் கேட்டால் வரிகளின் முடிவுகள் எல்லாம் எஞ்சின் சத்தத்தில் போய்விடும், இங்கே முடிவுகள்தான் விஷயமே.

கிட்டாரோடு பாடியவை தனிக் கதை. 1957இல் வந்த டியூக் எலிங்டன் சாங் புக்கில் 'இன் எ சென்டிமென்டல் மூட்' பாட்டுக்கு பார்னி கெசலின் கிட்டார் மட்டும். அதே தொகுப்பில் பில்லி ஸ்ட்ரேஹார்னின் 'லஷ் லைஃப்' இருக்கிறது, ஆஸ்கர் பீட்டர்சன் பியானோவோடு. ஸ்ட்ரேஹார்ன் பதின்ம வயதில் எழுதத் தொடங்கிய பாட்டு, மெட்டு வளைந்து நெளிந்து எங்கே போகிறது என்றே தெரியாது, பெரிய பாடகர்களே வழுக்கிய இடம். எலா 1973இல் கிட்டார் கலைஞர் ஜோ பாஸோடு 'டேக் லவ் ஈஸி' ஆல்பத்தில் இதை மறுபடி பாடினார். அப்போது வயது 56. அதிர்வு அகலமாகியிருக்கிறது, நீண்ட ஸ்வரங்களில் முன்பிருந்த வழவழப்பு இல்லை. உங்களுக்குப் பில்லி ஹாலிடேயின் கடைசிக்காலப் பதிவுகள் பிடிக்கும் என்றால், இந்த 1973 வடிவத்தை முதலில் கேட்டுவிட்டு 1957க்குப் போவது நல்லது. தேய்ந்த குரலில் அவர் எதை விட்டுக்கொடுக்கவில்லை என்று தெரிந்துகொண்டால், பளபளப்பான குரலிலும் அதே இருப்பது காதில் விழும்.

லூயி ஆம்ஸ்ட்ராங்கோடு 1956இல் பாடிய 'எலா அண்ட் லூயி' எல்லோருக்கும் தெரிந்ததே. அதில் 'மூன்லைட் இன் வெர்மான்ட்', 'டெண்டர்லி' இரண்டையும் மெதுவான பாட்டு என்ற கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பாஸ் வாசிக்கும் ரே பிரவுன் எலாவின் முன்னாள் கணவர், மணமுறிவு ஆகி மூன்று ஆண்டு கழித்து வாசிக்கிறார். அந்தத் தட்டில் அவர்களுக்குள் எந்த உரசலும் கேட்காது.

வாங்கும்போது ஒரு சின்ன விஷயம். 1950, 1954 பதிவுகள் மோனோ, அதாவது இடம் வலம் என்று பிரிக்காத ஒரே ஒலித்தடம். பழைய மறுபதிப்புகள் சிலவற்றில் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கி, பியானோவைக் குளியலறையில் வைத்ததுபோல் எதிரொலி சேர்த்திருப்பார்கள். அவற்றைத் தவிருங்கள்.

வரிசை கேட்டிருந்தீர்கள். லார்கின்ஸோடு எட்டுப் பாட்டுகள், பிறகு பால் ஸ்மித்தோடு பதிமூன்று, பிறகு ஜோ பாஸ், கடைசியில் ரிடிலின் ஆர்கெஸ்ட்ரா. ஒரே மூச்சில் வேண்டாம், ஒரு மாலைக்கு மூன்று நான்கு பாட்டு போதும். இத்தனைக்குப் பிறகும் எலா உங்களுக்கு ஒட்டவில்லை என்றால் வற்புறுத்த மாட்டேன். பில்லியை வணங்கி வளர்ந்த கார்மன் மெக்ரேயிடம் போங்கள், ஒவ்வொரு வார்த்தையையும் கடித்துச் சொல்பவர். அல்லது தானே பியானோ வாசித்துக்கொண்டு, பாட்டு நின்றுவிட்டதோ என்று தோன்றும் அளவுக்கு மெதுவாகப் பாடும் ஷர்லி ஹார்ன். அவருடைய 1992ஆம் ஆண்டின் 'ஹியர்ஸ் டு லைஃப்' நல்ல வாசல்.